பேத்திக்கு நான் ஏற்றிய எடை

ஒரு கிழவி தன் பேத்தியின் எடையில் திருட்டு வேலை பார்த்த கதையைத் தெரிந்துகொண்டு உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? வீட்டில் வேலை வெட்டி ஒன்றும் இல்லையா? அடுப்பில் பால் வைத்திருந்தால் முதலில் போய் அதைப் பாருங்கள். பொங்கி வழிந்த பிறகு என்னைத் திட்டக் கூடாது. அடுத்த வீட்டு அவமானம் என்றால் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். சரி, உட்கார்ந்ததுதான் உட்கார்ந்தீர்கள், நடுவில் எழுந்து போகாதீர்கள். பாதி கேட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் வெளியே போய் மீதியைச் சொந்தமாகச் சேர்த்துச் சொல்கிறார்கள்.

எங்கள் பால்வாடி உத்தரத்தில் ஓர் இரும்புக் கொக்கி உண்டு. புதன்கிழமை ஊசி போடும் நாளில் அதில் ஒரு வட்டத் தராசு தொங்கும். அதன் அடியில், கால் நுழைய இரண்டு ஓட்டை வைத்த துணிப்பை. நர்சம்மா குழந்தைகளை ஒவ்வொன்றாக அந்தப் பைக்குள் இறக்கித் தொங்க விடுவார். சிலது வீறிட்டு அழும். சிலது சைக்கிள் மிதிப்பது போலக் காலை உதைக்கும். தராசின் முள் கிடந்து துடிக்கும். அது துடிக்கிற வரை நர்சம்மா வாய் திறக்க மாட்டார். கண்ணாடியை முள்ளுக்கு நேராகக் கொண்டுபோய், மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். சுற்றி நிற்கிற பத்துப் பன்னிரண்டு பெண்களும் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்களைப் போல அவர் உதட்டையே பார்ப்போம். முள் நின்றதும் எடையை உரக்கச் சொல்வார். அந்தப் பக்கம் பால்வாடி டீச்சர் நோட்டில் எழுத வேண்டுமே, அதற்காக. கேட்பது டீச்சர் மட்டுமா? தெரு முழுக்கக் கேட்கும். என் பேத்தி அந்தப் பையில் தொங்கிய நேரங்களில் என் வயிற்றுக்குள்ளும் ஒரு முள் கிடந்து துடித்தது.

நர்சம்மா ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். ராஜபாளையத்தை ஒட்டியிருக்கிற எங்கள் தெருவுக்கு ஸ்கூட்டியில் வருவார். எலும்பும் தோலுமான உடம்பு. “ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எடை பாக்கீகளே, ஒங்கள யாரு அந்தப் பையில போட்டுப் பாக்கது?” என்று ஒருமுறை கேட்டேன். “கால் நொழையாது ஆச்சி” என்றார், முகத்தில் ஒரு பொட்டுச் சிரிப்பு இல்லாமல். என் வாய்க்கு அசராத ஆள் இந்தத் தெருப் பக்கம் வந்தது அவர் ஒருவர்தான். அதனால் அவரைப் பிடிக்கும். அதனாலேயே அவரைக் கண்டால் பயம்.

வந்ததும் தராசைத் தொட மாட்டார். முதலில் பிள்ளையைச் சும்மா பார்ப்பார். அந்த நேரத்தில் நாங்கள் பேசினால் கையை உயர்த்தி நிறுத்துவார். வண்டிச் சாவியைப் பிள்ளையின் காதுக்குப் பின்னால் குலுக்கி, திரும்புகிறதா என்று பார்ப்பார். சிவப்புப் பந்தை உருட்டிவிட்டு, கண் கூடவே போகிறதா என்று பார்ப்பார். கழுத்து நிற்கிறதா, குப்புற விழுகிறதா, ஒரு கையில் வாங்கியதை மறு கைக்கு மாற்றுகிறதா என்று எல்லாவற்றையும் விளையாட்டுப் போலவே சோதித்துவிடுவார். பலகையில் படுக்க வைத்து நீளம் அளப்பார். தலையைச் சுற்றி டேப் பிடிப்பார். கடைசியில்தான் எடை. அதை அட்டையில் புள்ளியாக வைத்து, போன மாதப் புள்ளியோடு சேர்த்துக் கோடு இழுப்பார். அந்த அட்டையில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று பட்டை பட்டையாக வண்ணம் போட்டிருக்கும். எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் எனக்கு வாசிக்க வரும். வண்ணம் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பச்சையில் இருந்தால் எனக்குப் போதும். அவருக்குப் போதாது. “எந்தக் கலர்ல இருக்குன்னு பாக்காதீக ஆச்சி. கோடு ஏறுதா, படுத்துக் கெடக்கான்னு பாருங்க. பச்சையில படுத்துக் கெடக்க பிள்ளையப் பாத்தாத்தான் எனக்குப் பயம்” என்பார். அதைக் காதில் வாங்கியிருந்தால் இன்றைக்கு உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருந்திருக்காது.

என் நெருக்கடி என்னவென்றால், பேத்தி என்னிடம் இருந்ததே ஒரு பேச்சுவார்த்தையின் பேரில்தான். மருமகள் பேண்டேஜ் துணி ஆலையில் வேலை பார்க்கிறவள். பிள்ளைக்கு மூன்று மாதம் முடிந்ததும் வேலைக்குத் திரும்ப வேண்டும். பகலெல்லாம் பிள்ளையை யார் பார்ப்பது? மருமகளின் அம்மா, என் சம்பந்தியம்மா, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறார். தன்னிடம் விடச் சொன்னார். நான் விடவில்லை. என் வீட்டில் பொம்பளைப் பிள்ளை பிறந்து நாற்பது வருஷம் ஆகிறது, விடுவேனா? கடைசியில் சம்பந்தியம்மா சொன்னார்: “சரி மதினி, நீங்களே வச்சிருங்க. ஆனா பிள்ள தேறலைன்னு தெரிஞ்சா, ஒரு வார்த்த கேக்க மாட்டேன். தூக்கிட்டுப் போயிருவேன்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டேதான் தலையாட்டினேன். இரண்டு பேருக்கும் அது விளையாட்டில்லை என்று தெரியும். அதற்குப் பிறகு பதினைந்து நாளுக்கு ஒருதரம் ஒரு பெட்டிப் பால்கோவாவோடு வருவார். பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளையின் தொடையைப் பிடித்துப் பார்ப்பார். அப்புறம் அட்டையைக் கேட்பார்.

நான்காம் மாதம் முள் கொஞ்சம் சோம்பேறித்தனம் காட்டியது. போன மாதத்தைவிட ஏதோ ஏறியிருந்தது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பயல் அரைக் கிலோ ஏறியிருந்தான். அன்றைக்குத் தற்செயலாகப் பேத்தியின் காலில் வெள்ளித் தண்டை கிடந்தது. நர்சம்மா கழற்றச் சொன்னார். கழற்றினால் அந்த ஏற்றமும் இறங்கிவிடும் என்று என் மூளையில் பட்டது. யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன்.

“கொலசாமிக்கு நேந்துக்கிட்டது நர்சம்மா. ஒரு வயசு வரைக்கும் ஒடம்புல வெள்ளி எறங்கக் கூடாது.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, “சரி, போட்டது போட்டபடியே ஒவ்வொரு மாசமும் கொண்டு வாங்க. கூட்டக் கொறைக்க வேண்டாம்” என்றார். அட்டையின் ஓரத்தில் சின்னதாக ஏதோ குறித்துக்கொண்டார். சாமி பெயரைச் சொன்னதும் படிந்துவிட்டார் என்று நான் உள்ளுக்குள் குதித்தேன்.

ஐந்தாம் மாதம் என் மகனுக்கு அவன் தாய்மாமன் போட்ட பழைய அரைஞாண் கொடியை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தேன். அந்தக் காலத்து வெள்ளி. கையில் தூக்கினால் பாம்பைத் தூக்கினது போல இருக்கும். அதைப் பேத்தியின் இடுப்பில் இரண்டு சுற்றாகச் சுற்றிவிட்டேன். ஆறாம் மாதம் தாயத்து. இரட்டைத் தாயத்து, நல்ல பெரிசாக. அதற்குள்ளே மந்திரத் தகடு கிடையாது. மகன் மில்லில் மெஷின் பார்க்கிறவன். அவன் டப்பாவிலிருந்து பால்ரஸ் என்கிற சின்ன இரும்புக் குண்டுகளை எடுத்து நெருக்கி அடைத்து, மெழுகு வைத்து மூடினேன். ஏழாம் மாதம் இரண்டு கைக்கும் காப்பு. ஒவ்வொரு மாதமும் எடை போடும் புதன்கிழமை பேத்தியைத் தூக்கிக்கொண்டு பால்வாடிக்குப் போகும்போது தேரை நகர்த்துகிறாற்போல இருக்கும். சலங்கை மாதிரிச் சத்தம் வேறு. “என்ன ஆச்சி, நகைக்கடைய இடுப்புல வச்சுத் தூக்கிட்டு வாரீக?” என்று பெண்கள் கேட்பார்கள். “ஏட்டி, ஒம் புருசன் ஒனக்கு வாங்கித் தரலைன்னா எம் பேத்தி மேல ஏன் கண்ணு வைக்க?” என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புச் சத்தத்தில் முள் ஏறிவிடும். அட்டையில் கோடும் பச்சையை விட்டு இறங்காது. சம்பந்தியம்மா வந்து அட்டையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறுவார். நான் பால்கோவாவைத் தின்பேன்.

தெரியாமலா செய்தேன் என்று கேட்காதீர்கள். பிள்ளை பால் புகட்டும் பாலாடையில் நாலு மடக்குக் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதை நான்தான் தினமும் பார்த்தேன். ஃபேனுக்கு அடியில் கிடக்கும்போதே நெற்றியில் முத்து முத்தாக வேர்வை நிற்பதையும் நான்தான் துடைத்தேன். சூட்டு உடம்பு என்று நினைத்தேன். கண் பட்டிருக்கும் என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். மிளகாய் நெடி வரவில்லை என்றதும் பலமான கண்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். பிள்ளை தேறவில்லை என்பதை மட்டும் என் வாய் என்னிடமே சொல்ல மறுத்தது. சொல்லிவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தொட்டில் கட்டிவிடுவார்களே.

அந்த ஏழாம் மாதப் புதன்கிழமை, எடை போட்டு முடிந்த பிறகும் நர்சம்மா பிள்ளையைக் கீழே விடவில்லை. பையிலிருந்து ஒரு நாடாவை எடுத்தார். மேல்கையைச் சுற்றி அளக்கிற நாடா. அதிலும் வண்ணம் உண்டு. போன மாதமும் அளந்திருந்தார். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. கையில் சுற்றி, இழுத்து, படித்தார். அவிழ்த்து மறுபடி சுற்றினார். அட்டையைப் பார்த்தார். காப்பைப் பார்த்தார். அரைஞாணைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். நான் பேத்தியின் சட்டையைக் கீழே இழுத்துவிட்டேன். அவர் அத்தனை பெண்கள் முன்னால் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“நாளைக்கு மத்தியானம் வீட்டுக்கு வாரேன் ஆச்சி” என்றார், மெதுவாக.

மறுநாள் வீட்டில் நானும் பேத்தியும்தான். மருமகள் ஆலையில், மகன் மில்லில். நர்சம்மா வந்தார். செருப்பை வெளியே விட்டார். தண்ணீர் வேண்டாம் என்றார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். “பால் குடுக்க நேரந்தானே? குடுங்க. நான் இங்கன இல்லைன்னு நெனச்சுக்கோங்க” என்றார். நான் பாலாடையை எடுத்தேன். முதல் மடக்கு பிள்ளையின் கன்னத்தில் வழிந்தது. இரண்டு, மூன்று, நான்கு. பிள்ளை நிறுத்தியது. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. நெற்றியில் வேர்வை. நான் முந்தானையால் துடைக்கப் போனேன். “துடைக்காதீக” என்றார். அந்த வேர்வையை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தினமும் துடைத்துத் துடைத்துப் போட்டதை அவர் அப்படி உட்கார்ந்து பார்த்தது எனக்குத் தாங்க முடியவில்லை.

பிள்ளை தூங்கும்வரை காத்திருந்தார். தூங்கியதும் சட்டையை மேலே தூக்கிவிட்டு, இடது கை வாட்சில் ஒரு கண், பிள்ளையின் வயிற்றில் ஒரு கண். உதடு மட்டும் எண்ணியது. ஒரு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அடுக்களையில் ஒரு பல்லி கத்தியது. தெருவில் வெங்காயம் விற்கிறவன் போனான். பேத்தியின் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய் உள்ளே போய் வந்தது. அதையும் நான் தினமும் குளிப்பாட்டும்போது பார்த்ததுதான். நர்சம்மா எண்ணி முடித்தார். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

“எம்புட்டு நர்சம்மா?”

“அறுவத்தி ரெண்டு. தூங்குத பிள்ளைக்கு இது சாஸ்தி ஆச்சி.”

பிறகு எழுந்து, தான் கொண்டுவந்திருந்த தராசைத் தொட்டில் கொக்கியில் மாட்டினார். பேத்தியைப் பைக்குள் வைத்தார். முள் நேற்றுக் காட்டின இடத்திலேயே நின்றது. ஆறு கிலோ இருநூறு.

“இப்ப நீங்களே கழட்டுங்க. எதை எந்த மாசம் போட்டீகளோ, கடைசியாப் போட்டதுல இருந்து கழட்டுங்க.”

“சாமிக்கு…”

“ஆச்சி.” அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை.

காப்பைக் கழற்றினேன். முள் இறங்கியது. தாயத்தைக் கழற்றினேன். முள் இறங்கியது. தாயத்தை அவர் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். “சாமி நல்ல கனமா இருக்காரே” என்றார். வேறு ஒரு நாளாக இருந்தால் நான் அதற்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அரைஞாண் கொடியின் கொக்கி என் விரலுக்குச் சிக்கவில்லை, அவர்தான் எடுத்துவிட்டார். முள் ஒரே குதியாகக் குதித்து இறங்கியது. கடைசியாகத் தண்டை. வெறும் உடம்போடு பேத்தி பைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஐந்து கிலோ எழுநூறு. நான்காம் மாதத்தில் தண்டையோடு அவள் இருந்ததைவிடக் குறைவு. கழற்றின வெள்ளியெல்லாம் பாயில் கிடந்தது. பார்க்க ஒரு பிள்ளை அளவுக்கு இருந்தது.

நர்சம்மா அட்டையை விரித்தார். பேனாவில் போட்ட கோட்டுக்குக் கீழே பென்சிலால் புள்ளி வைக்க ஆரம்பித்தார். இந்த மாதம் இவ்வளவு கழித்து, அந்த மாதம் அவ்வளவு கழித்து. ஒவ்வொன்றுக்கும் என்னைக் கேட்டார், நான் சொன்னேன். பென்சில் கோடு கொஞ்ச தூரம் படுத்துப் போய், கடைசியில் மூக்கைக் கீழே சாய்த்தது. எனக்கு அதைப் படிக்க எழுத்துத் தேவைப்படவில்லை.

“ஒரே வெள்ளியப் போட்டுக் கொண்டு வந்திருந்தீகன்னா எனக்கு ரெண்டு மாசம் முன்னாலயே தெரிஞ்சிருக்கும். அதுக்குத்தான் கூட்டக் கொறைக்க வேண்டாம்னேன். வெள்ளியோட எடை மாறாது, பிள்ளையோட எடை மாறணும். நீங்க வெள்ளிய வளத்திருக்கீக” என்றார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “என் மேலயும் தப்பு இருக்கு. காப்பும் கொடியும் புதுசா ஏறுததக் கண்ணால பாத்தேன். சாமி காரியம்னு கேக்காம விட்டேன். இனி எந்தச் சாமிக்கும் விட மாட்டேன்” என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். அவர் தன்னைச் சேர்த்துக்கொண்டதில் எனக்குத் தப்பிக்க வழி இல்லாமல் போனது.

அப்புறம் எல்லாம் வேகம்தான். ஆலைக்குப் போன் போட்டு மருமகளை வரச்சொன்னார். ஸ்கூட்டியை எங்கள் வாசலிலேயே நிறுத்திவிட்டு எங்களோடு பஸ் ஏறினார். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரி வாசலில் சம்பந்தியம்மா நின்றுகொண்டிருந்தார். பஸ்ஸில் வரும்போதே மருமகள் தன் அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கே அதுவரை பாதிதான் தெரியும்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. பிள்ளையின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். இடத்தை மாற்றி மாற்றிக் கேட்டார். பிறகு அட்டையை வாங்கி விரித்தார்.

“இது என்ன, ரெண்டு கோடு? எது சரி?”

அறையில் ஐந்து பேர் இருந்தோம். நர்சம்மாவுக்கு அந்தப் பதில் தெரியும். அவர் வாயைத் திறக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொல்லாவிட்டால் அவர் சொல்லுவார் என்று தெரியும். எனக்குச் சொல்ல ஒரு இடம் விட்டுத்தந்தார் என்றும் தெரிந்தது. சம்பந்தியம்மாவின் கை மருமகளின் தோளில் இருந்தது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“கீழ உள்ளதுதான் சரிங்க. மேல உள்ளது நான் வெள்ளியப் போட்டு ஏத்துனது.”

“எத்தனை மாசமா?”

“நாலு தடவ எடை போட்டாக. நாலு தடவையும்.”

“பால் குடிக்கிறப்போ வேர்க்குமா?”

“வேர்க்கும். மூணு மாசமா வேர்க்குது. நான்தான் துடைப்பேன்.”

மருமகள் என் மடியிலிருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டாள். பிடுங்கவில்லை, மெதுவாகத்தான் எடுத்தாள். எட்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. அதற்கு நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். மதுரைக்கு அனுப்பி, அங்கே படம் எடுத்துப் பார்த்ததில் இருதயத்துக்குள் ஒரு ஓட்டை என்றார்கள். ஓட்டை வழியாக ரத்தம் போக வேண்டாத பக்கம் போகிறது. பிள்ளை குடிக்கிற பாலெல்லாம் மூச்சு விடவே செலவாகிவிடுகிறது. மருந்து கொடுத்துத் தேற்றி, கொஞ்சம் எடை ஏற்றி, பிறகு ஆபரேஷன். இன்னும் தாமதமாக வந்திருந்தால் என்று மதுரை டாக்டர் ஆரம்பித்தார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் விட்டுவிட்டார். அந்த முடியாத பேச்சை எத்தனையோ நாள் நானே முடித்துப் பார்த்திருக்கிறேன்.

வெளியே வந்ததும் சம்பந்தியம்மா சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். சண்டை போட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவர், “மதினி, பிள்ளைய நான் கொண்டு போறேன்” என்றார்.

“கொண்டு போங்க மதினி” என்றேன்.

எதற்குப் பயந்து இத்தனையும் செய்தேனோ, அது அந்த ஒரு வரியில் நடந்து முடிந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தொட்டில் கட்டினார்கள். மருமகளும் லீவு போட்டுவிட்டு அங்கேயே இருந்தாள். நர்சம்மா வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் தினமும் அவர்கள் வீட்டுக்குப் போய், இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும், சொட்டு மருந்தை எப்படி அளக்க வேண்டும், மூச்சை எப்படி எண்ண வேண்டும் என்று சம்பந்தியம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். வாரம் ஒருமுறை எடை. அந்த நாளில் நான் காலை பஸ்ஸில் போய்விடுவேன். பிள்ளையைத் தூக்க மாட்டேன். என்னை யாரும் தடுக்கவில்லை. என் கையே போகவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். முள் துடிக்கும். ஒரு வாரம் நூறு கிராம் ஏறும். ஒரு வாரம் அசையாது. அசையாத வாரத்தில் ராஜபாளையம் திரும்புகிற பஸ்ஸில் நான் எந்த நிறுத்தத்தையும் பார்த்ததில்லை. ஆறேழு வாரம் கழித்து ஒருநாள் நர்சம்மா முள்ளைப் பார்த்துவிட்டு, எடையைச் சொல்லாமல் என்னைக் கூப்பிட்டார். “நீங்க படிங்க ஆச்சி” என்றார். எண் எனக்குத் தெரியும். ஆறு கிலோ இருநூறு. பிள்ளையின் மேல் ஒரு கறுப்புக் கயிறுகூட இல்லை. சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். பிள்ளையைப் பையிலிருந்து எடுத்து, அவரே என் கையில் கொடுத்தார்.

ஆபரேஷன் அன்றைக்கு மதுரையில் அந்த நீளமான வராந்தாவில் நானும் சம்பந்தியம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் ஆண்டாளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. சாமி பெயரில் பொய் சொன்ன வாய்க்கு அன்றைக்கு வெட்கமாக இருந்தது. கதவு திறந்து, பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று சொன்னபோது, நாங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தோம். இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். நெஞ்சின் நடுவில் ஒரு தழும்பு இருக்கிறது. அவள் வளர வளர அதுவும் நீளுகிறது. வாய் மட்டும் என்னைப் போல. அதற்கு எந்த டாக்டரிடமும் மருந்து கிடையாது.

அக்கம்பக்கத்தில் என்ன சொன்னேன் என்றுதானே கேட்கிறீர்கள்? அதற்காகத்தான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள், தெரியும். ஆபரேஷன் முடிந்து பேத்தியை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் காலையில் தெருக்குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன். மகன் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தான்: “காய்ச்சல்னு சொல்லிரும்மா. பொம்பளப் பிள்ள, நெஞ்சுல கோளாறுன்னு ஊருக்குள்ள பேச்சு வர வேண்டாம்.” குழாயடியில் எல்லோரும் சுற்றிக்கொண்டார்கள். நான் காய்ச்சல் என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். தாயத்துக்குள் பால்ரஸ் குண்டு அடைத்ததில் போய் ஆரம்பித்துவிட்டேன். நர்சம்மா சாமி கனமாக இருக்கிறார் என்று சொன்னதைச் சொன்னதும் எல்லோரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். நான் வழக்கம் போலக் கதை விடுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். ஒருத்தி குடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“சிரிக்காதீகட்டி. நெசமாத்தான் சொல்லுதேன். மூணு மாசமா அந்தப் பிள்ள மூச்சு வாங்குச்சு. நான் அது மேல வெள்ளியப் போட்டு மூடி வச்சேன். அந்த நர்சம்மா மட்டும் வீடு தேடி வரலைன்னா இன்னைக்கு நான் இங்கன தண்ணி பிடிக்க நிக்க மாட்டேன்.”

சிரிப்பு நின்றது. தெலுங்கு பேசுகிற எதிர்வீட்டுக்காரி மட்டும், “அய்யோ, பாபம்” என்றாள். பிறகு என் காதோரம் குனிந்து, “இருந்தாலும் ஆச்சி, இதை வெளியில சொல்லலாமா? ஒங்க பேருல்ல கெடும்?” என்றாள்.

“கெட்டாக் கெட்டுட்டுப் போகுது. எம் பேர வச்சு எந்தத் தராசுல நிறுக்கப் போறீக?” என்றேன். “இங்க பாருங்கட்டி, வார புதன்கிழம ஒங்க வீட்டுப் பிள்ளைகள எல்லாம் பெத்த அன்னைக்கு இருந்த மாதிரி வெறும் ஒடம்போட கொண்டு வாரீக. நான் பால்வாடி வாசல்லயே ஒக்காந்திருப்பேன். ஒரு மணி கருகமணி தென்பட்டாலும் நர்சம்மாட்ட போறதுக்கு முன்னால எங் கையத் தாண்டித்தான் போகணும். களவு செஞ்சவளுக்குத்தான் ஒளிச்சு வைக்கிற எடம் அம்புட்டும் தெரியும்.”